எழுதாமல் தேறியவள்

பல்கலைக்கழகத்தின் தேர்வுத் துறைக்கு ஐந்து மாடி. ஐந்து மாடிக்கும் ஒரே லிஃப்ட். அந்த லிஃப்டுக்கு ஒரே லிஃப்ட்காரர். பொத்தானை யார் வேண்டுமானாலும் அமுக்கலாம்தான். ஆனால் பெரிய அதிகாரிகள் தங்கள் விரலால் அமுக்கினால் பதவியில் ஏதோ குறைந்துவிடும் என்று அந்தக் கட்டடத்தில் ஓர் எண்ணம் இருந்தது. அந்த எண்ணத்தின் புண்ணியத்தில்தான் லிஃப்ட்காரர் வீட்டில் அடுப்பு எரிந்தது.

அவருக்குத் தேர்வுத் துறை மேல் அப்படி ஒரு பக்தி. கட்டுக் கட்டாகக் கோப்புகள் மேலே போவதை வருஷக்கணக்கில் பார்த்தவர். அவ்வளவு பேர் கூடி அவ்வளவு யோசித்தால் நல்லதாகத்தான் ஏதாவது வரும் என்று மனப்பூர்வமாக நம்பினார். தையல் வேலை பார்க்கும் அவர் மனைவிக்கு அந்த நம்பிக்கை கிடையாது. "உங்க ஆபீஸ்ல லிஃப்ட் ஒண்ணுதான் உருப்படியா மேல போகுது" என்பாள். அவர் சிரித்துக்கொண்டே போய்விடுவார்.

இவர்களுக்கு ஒரே மகள். பிறந்த அன்றைக்கே அவளைக் "கண்ணு" என்று கூப்பிட ஆரம்பித்தார். குழந்தைக்குப் பார்வை இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகு வேறு செல்லப் பெயர் தேடிப் பார்த்தார். வாய்க்கு ஒன்றும் வரவில்லை. அவளும் அந்தப் பேருக்குத்தான் திரும்பினாள். சரி, அதுவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

கண்ணு புள்ளியியல் முதுகலை படித்தாள். அவளுடைய கம்ப்யூட்டரில் மூன்று மென்பொருள்கள் இருந்தன. மூன்றும் இலவசம். உலகத்தில் எங்கெங்கோ இருக்கிற, ஒருவரை ஒருவர் சந்தித்தே இராத சிலர் சேர்ந்து எழுதி, எடுத்துக்கொள்ளுங்கள் என்று சும்மா கொடுத்தவை. எழுதியவர்களில் பாதிப் பேருக்குப் பார்வை கிடையாது. ஒன்று, திரையில் உள்ளதை வாய்விட்டுப் படிக்கும். இன்னொன்று, கட்டளையைத் தட்டச்சு செய்தால் சராசரியோ திட்டவிலக்கமோ கணக்குப் போட்டு எழுத்தாகவே தரும். மூன்றாவது, வரைபடத்தை ஓசையாக்கும். கோடு ஏறினால் சுருதி ஏறும், இறங்கினால் இறங்கும். இரண்டு சுருதிகளைக் கேட்டுவிட்டு, "இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்குப்பா" என்பாள் கண்ணு. என்ன சம்பந்தம் என்று லிஃப்ட்காரருக்குத் தெரியாது. ஆனால் அதைச் சொல்லும்போது அவள் முகம் இருக்கும் இருப்பைப் பார்ப்பதற்காகவே பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வார்.

கம்ப்யூட்டர் பேசும் வேகம்தான் அவருக்குப் பிடிபடவே இல்லை. காய்ந்த எண்ணெயில் தண்ணீர் விழுந்த மாதிரி சடசடவென்று ஒரு சத்தம். முதல் தடவை மெஷின் கெட்டுவிட்டது என்று பிளக்கையே பிடுங்கிவிட்டார்.

"அது பேசுதுப்பா."

"இதுவா பேச்சு?"

"நம்ம மொழிதான். நீ மெதுவாக் கேட்கற. நான் சின்ன வயசுலருந்து கேட்டுக் கேட்டு வேகமா வெச்சுக்கிட்டேன்."

அந்தக் கம்ப்யூட்டருக்குத் திரையும் கிடையாது. ஒரு நாள் உடைந்தது, கழற்றி வைத்தாள், அத்தோடு சரி. பிறகு அதை யாரும் தேடவில்லை.

எல்லாப் பாடத்திலும் தேறியாயிற்று. கணிதக் குறிகள் நிறைந்த ஒரே ஒரு தாள் பாக்கி. அதைப் போன தடவை எழுதித் தோற்றிருந்தாள். பார்வையில்லாதவர்களுக்குப் பதிலாக எழுத ஓர் ஆளைத் துறையே கொடுக்கும். அப்படி எழுதுகிறவருக்கு அந்தப் பாடம் தெரிந்திருக்கக் கூடாது என்பது விதி. தெரிந்தால் சொல்லிக் கொடுத்துவிடுவாராம். ஆகவே புள்ளியியல் தாளை எழுத இலக்கியம் படித்த ஒரு பெண் வந்தாள்.

"கூட்டுத்தொகைக் குறி, சிக்மா போடுங்க" என்றாள் கண்ணு.

"அது எப்படி இருக்கும்?"

"நான் பார்த்ததில்லையே."

அந்தப் பெண் நல்லவள். தனக்குத் தோன்றியபடி அழகாக ஏதோ வரைந்தாள். தாள் திருத்தியவர் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுக் கேள்விக்குறி வைத்திருந்தார். விடைத்தாள் முழுக்க அந்த மாதிரி வட்டங்கள்.

இந்தத் தடவை தோற்க முடியாது. ஊரில் ஒரு பெரிய குழந்தைகள் ஆஸ்பத்திரி. அதன் ஆராய்ச்சிப் பிரிவில் இருந்த டாக்டரம்மா, கல்லூரியில் கண்ணு பேசியதைக் கேட்டுவிட்டு அவளைக் கூப்பிட்டு அனுப்பி, தன் எதிரிலேயே கணக்கெல்லாம் போட்டுக் காட்டச் சொன்னார். எந்த மருந்து கொடுத்தால் எத்தனை குழந்தைகள் பிழைக்கின்றன என்று கணக்குப் பார்க்கிற வேலை. அங்கேயும் இதே இலவச மென்பொருள்தான். "இந்த ரிசல்ட் வர்ற வரைக்கும் அந்த இடத்தைக் காலியா வெச்சிருப்பேன். அதுக்கு மேல என் கையில இல்லம்மா" என்றார் டாக்டரம்மா. அன்றைக்கு வீடு திரும்புகிற வழியெல்லாம் கண்ணு அப்பாவின் கையை விடவே இல்லை. அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்து அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை.

எனவே கண்ணு ஒரு மனுப் போட்டாள். எழுத ஆள் வேண்டாம், என் கம்ப்யூட்டரில் நானே எழுதிக்கொள்கிறேன், அனுமதி கொடுங்கள். இரண்டே வரி.

அந்த இரண்டு வரியைப் படித்துப் புரிந்துகொள்ள ஒரு குழு அமைக்கப்பட்டது. தேர்வுகளுக்கெல்லாம் தலைவரான கண்ட்ரோலர் அதற்கும் தலைவர். கம்ப்யூட்டர் பாதுகாப்பு அதிகாரி, மொழித்துறைத் தலைவர், இன்னும் சிலர் உறுப்பினர்கள். பார்வையில்லாத ஒருவரையும் சேர்க்கலாமே என்று யாரோ கேட்டதற்குக் கண்ட்ரோலர், "அவங்க ஒருதலைப்பட்சமாப் பேசுவாங்க. இதுல சம்பந்தமே இல்லாதவங்கதான் நியாயமா முடிவெடுக்க முடியும்" என்றார். குழு அதை ஒருமனதாக ஏற்றது.

செய்துகாட்டும் நாள் வந்தது. லிஃப்ட்காரர் தன் லிஃப்டிலேயே மகளையும் கம்ப்யூட்டரையும் மூன்றாம் மாடிக்கு ஏற்றிக்கொண்டு போனார். கம்ப்யூட்டரைத் தூக்கி வந்தவர் என்ற முறையில் சுவரோரமாக நிற்க அனுமதி கிடைத்தது. நீள மேசை, தண்ணீர் பாட்டில்கள், ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு புதுப் பேனா.

"திரை எங்கம்மா?" என்று கேட்டார் கண்ட்ரோலர்.

"எனக்குத் தேவைப்படல சார்."

"அப்ப நாங்க எப்படிப் பார்க்கறது?"

பேச்சு அங்கேயே நின்றது. ஒரு திரையைக் கொண்டுவந்து மாட்டுவதற்குள் பாதிப் பொழுது போயிற்று. மாட்டிப் பார்த்தால் கறுப்புப் பின்னணியில் வெறும் எழுத்து. குழுவுக்கு ஏமாற்றம். ஒரு படம் இல்லை, ஒரு வண்ணம் இல்லை. "பார்வையில்லாதவங்களுக்குன்னு செஞ்சதை இன்னும் கொஞ்சம் பார்வையா செஞ்சிருக்கலாம்" என்று ஓர் உறுப்பினர் குறிப்பு எழுதினார்.

பாதுகாப்பு அதிகாரிக்குக் கவலை வேறு. "இது என்ன விலை?"

"இலவசம் சார்."

"அதுதான் உதைக்குது. எதுக்காகச் சும்மா குடுக்கறான்?"

"எல்லாரும் பயன்படுத்தட்டும்னு."

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு மற்றவர்களைப் பார்த்தார். "நான் இந்தத் துறைக்கு வந்து இத்தனை வருஷமாச்சு. ஒருத்தருக்கும் ஒரு வேலையும் சும்மா செஞ்சு குடுத்ததில்ல. அனுபவத்துல சொல்றேன், அப்படி ஒரு மனுஷன் இருக்க முடியாது" என்றார். எல்லோரும் தலையசைத்தார்கள். அவருடைய அனுபவத்தை யாராலும் மறுக்க முடியவில்லை.

கடைசியில் ஒலிபெருக்கியைப் போட்டார்கள். கண்ணு ஒரு கணக்கைச் செய்தாள். சடசடவென்று சத்தம் வந்தது. உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கண்ட்ரோலர் முகம் இறுகியது.

"இது என்ன சங்கேத மொழியா? நாளைக்குப் பரீட்சை ஹால்ல இது விடையைச் சொல்லிக் குடுத்தா யாருக்குத் தெரியும்?"

"நம்ம மொழிதான் சார். வேகமா வெச்சிருக்கேன்" என்று கண்ணு சொல்லிப் பார்த்தாள். விண்ணப்பதாரரே சாட்சி சொல்வது செல்லாது என்றார்கள். சத்தத்தைப் பதிவு செய்து மொழித்துறைக்கு அனுப்புவது என்று முடிவாயிற்று.

மொழித்துறைத் தலைவர் பல வாரம் அதில் மூழ்கிக் கிடந்தார். அறிக்கையைக் கையில் எடுத்துக்கொண்டு ஐந்தாம் மாடிக்குப் போன அன்று லிஃப்டில் அவருக்குப் பெருமை தாங்கவில்லை. "அறிஞர் உலகத்துக்கு இதுவரைக்கும் தெரியாத மொழிப்பா. வினைச்சொல்லே கிடையாது. வாக்கியமெல்லாம் பெருமூச்சுல முடியுது. நம்ம மொழிக்கு எந்த விதத்திலயும் உறவில்லன்னு நிரூபிச்சிருக்கேன்."

"அது நம்ம மொழிதான் ஐயா. பாப்பா வேகமா..."

"உனக்கு லிஃப்ட் தெரியும், மொழி தெரியுமா?" என்று அன்பாகக் கேட்டார் அவர். லிஃப்ட்காரர் பொத்தானை அமுக்கினார்.

அறிக்கையின் பேரில் குழு மறுபடி கூடி நிபந்தனைகளை வகுத்தது. மனுஷன் பேசுகிற வேகத்தில்தான் கம்ப்யூட்டர் பேச வேண்டும். அது பேசுவதைத் துறையின் ஆள் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். அவருக்குக் கேட்கும் அலுவலர் என்று பெயர். அவருக்குப் புள்ளியியல் தெரிந்தால் மாணவிக்கு உதவிவிடுவார். தெரியாவிட்டால் கம்ப்யூட்டர் விடை சொல்லிக் கொடுப்பதைக் கண்டுபிடிக்க மாட்டார். இந்த இடத்தில் குழு திணறிப்போயிற்று. மூன்று கூட்டம் நடந்தது. பிறகு கண்ட்ரோலர் ஒரு வழி கண்டுபிடித்தார். இரண்டு அலுவலர்கள். ஒருவர் கேட்பார், அவருக்குப் புள்ளியியல் தெரிந்திருக்கக் கூடாது. இன்னொருவருக்குத் தெரிந்திருக்கும், அவர் கேட்கக் கூடாது. கேட்பவர் தான் கேட்டதைத் துண்டுத் தாளில் எழுதித் தெரிந்தவரிடம் தள்ளுவார். தெரிந்தவர் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு அதைப் படித்து, சரி என்று தலையாட்டுவார். அதன் பிறகு மாணவி அடுத்த வரிக்குப் போகலாம்.

இதைக் கேட்டுவிட்டுக் கண்ணு, "நல்லா நடக்கத் தெரிஞ்சவளைத் தவழ்ந்துக்கிட்டே வான்னு சொல்றாங்கப்பா" என்றாள்.

"கொஞ்சம் அனுசரிச்சுப் போடா கண்ணு. இவ்வளவு பேர் உனக்காக உட்கார்ந்து யோசிச்சிருக்காங்க."

"ஒருத்தர்கூட என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கலையே."

ஆனாலும் அவள் விடவில்லை. அன்றிலிருந்து கம்ப்யூட்டரை மெதுவாக்கி வைத்துக்கொண்டு பழகினாள். முன்பு அரை நாளில் முடித்த கணக்கு இப்போது ஒரு நாள் இழுத்தது. சில சமயம் ஒரு சொல் முடிவதற்குக் காத்திருந்து காத்திருந்து, மேசைமேல் தலையைச் சாய்த்துவிடுவாள். தையல் மெஷினை நிறுத்திவிட்டு அம்மா வந்து தலையைத் தடவிக் கொடுப்பாள். "இவங்க காதுக்குத் தோதா நீ ஏண்டி தேயணும்" என்று முணுமுணுப்பாள். லிஃப்ட்காரருக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. குழந்தை எப்படி மெலிந்துபோய்விட்டாள் என்பதுதான் அவர் கண்ணுக்குத் தெரிந்தது.

தேர்வுக்கு முன்னால் ஒரு விழா எடுத்தார்கள். திட்டத்துக்கு ஒரு பெயர், மேடைக்குப் பின்னால் ஒரு பெரிய பேனர், பத்திரிகைக்காரர்கள். கண்ணுவை மேடையில் உட்கார வைத்து, படத்துக்கு நன்றாக வரும் என்று போட்டோகிராபர் அவள் நாற்காலியைத் திருப்பி வைத்தார். அதனால் பேச்சு முழுவதையும் அவள் ஒரு திரைச்சீலையைப் பார்த்தபடிக் கேட்டாள். விழாவின் சிறப்பு அம்சமாக அதிகாரிகள் எல்லோரும் ஒரு நிமிடம் கண்ணைக் கட்டிக்கொண்டார்கள். துணைவேந்தர் கட்டை அவிழ்த்துவிட்டு மைக்குக்கு வந்தார்.

"ஒரே ஒரு நிமிஷம். எவ்வளவு கொடுமைங்க. எனக்கு மூச்சே முட்டிருச்சு. அப்பதான் எனக்கு ஒரு உண்மை புரிஞ்சது. கண்ணு இருக்கற நாமெல்லாம் எவ்வளவு அதிர்ஷ்டசாலிங்க. இந்த உணர்வை நமக்குக் குடுத்த இந்தப் பொண்ணுக்கு நாம கடமைப்பட்டிருக்கோம்."

கைதட்டல் ஓயவில்லை. பாதுகாப்பு அதிகாரி கட்டோடு எழுந்து நடந்து காட்டுகிறேன் என்று மேடையிலிருந்து விழுந்து, முட்டியில் கட்டுப் போட்டுக்கொண்டார். மறுநாள் பத்திரிகையில் அவர் படமும் வந்தது.

தேர்வுக்கு முந்தின நாள் மாலை, கண்ட்ரோலர் ஒருவராக லிஃப்டில் ஏறினார். நல்ல மனநிலையில் இருந்தார். "என்னப்பா, நாளைக்குப் பொண்ணு பரீட்சையா?"

லிஃப்ட்காரர் அதுவரை எந்த அதிகாரியிடமும் எதையும் கேட்டவர் இல்லை. அன்றைக்கு என்ன தோன்றியதோ, கையைக் கூப்பிவிட்டார்.

"ஐயா, குழந்தை ரொம்ப அலைஞ்சுட்டா. ராத்திரி பகலா உட்கார்ந்து உருகிப்போயிட்டா. நீங்கதான் மனசு வெச்சு ஏதாவது கருணை பண்ணணும்."

கண்ட்ரோலர் திடுக்கிட்டார். பிறகு அவர் கண் கலங்கியது. அது நடிப்பில்லை, நிஜமாகவே கலங்கியது. லிஃப்ட்காரரின் தோளைத் தொட்டு, "நீ வீட்டுக்குப் போய் நிம்மதியாத் தூங்குப்பா" என்றார். லிஃப்ட்காரருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இந்தக் கட்டடத்தில் இருதயம் இருக்கிறது, நான் நினைத்தது சரிதான் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

தேர்வு அறை இரண்டாம் மாடியில். பழைய விடைத்தாள் மூட்டைகளை ஒதுக்கிவிட்டு இடம் செய்திருந்தார்கள். கண்ணுவுக்கு வலப்பக்கம் கேட்கும் அலுவலர், இடப்பக்கம் புள்ளியியல் தெரிந்த அலுவலர், காதில் பஞ்சோடு. கம்ப்யூட்டர் ஒவ்வொரு சொல்லாக இழுத்துப் பேசியது. கேட்பவர் எழுதினார். தள்ளினார். தெரிந்தவர் தலையாட்டினார். கண்ணு தட்டினாள். லிஃப்ட்காரர் நடுநடுவே லிஃப்டை நிறுத்திவிட்டு வந்து, கதவு இடுக்கு வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டார்.

முதல் கேள்வி முடிந்தது. இரண்டாவது ஒரு வரைபடம். சுருதி மேலே ஏறி, சட்டென்று இறங்கி, மறுபடி ஏறியது. கண்ணுவின் உதட்டில் மெல்ல ஒரு சிரிப்பு வந்ததை அவர் பார்த்தார். புள்ளியியல் தெரிந்த அலுவலர்கூடத் துண்டுத் தாளில் வந்த அவள் விடையைப் படித்துவிட்டு, பஞ்சை மறந்து "அட" என்றார். அவ்வளவு தடையிலும் குழந்தை போய்க்கொண்டுதான் இருந்தாள்.

அப்போதுதான் கண்ட்ரோலர் வந்தார். பின்னால் போட்டோகிராபர், கையில் உறையோடு ஒரு எழுத்தர், இன்னும் நாலைந்து பேர்.

"நிறுத்தும்மா, நிறுத்து. இனிமே நீ கஷ்டப்பட வேண்டாம்" என்றார் கண்ட்ரோலர். குரல் தழுதழுத்தது. "குழுவை அவசரமாக் கூட்டி விசேஷ அனுமதி வாங்கிட்டேன். உனக்கு இந்தத் தாள்லருந்து விலக்கு. நீ பாஸ்."

கேட்கும் அலுவலர் வழக்கப்படி இதையும் எழுதித் தெரிந்தவரிடம் தள்ளினார். அவர் படித்துவிட்டுத் தலையாட்டினார்.

கண்ணு விரலை விசைப்பலகையிலிருந்து எடுக்கவில்லை. "நான் மூணாவது கேள்வியில இருக்கேன் சார்."

"அதான் தேவையில்லயேம்மா."

"எனக்குத் தெரியும் சார். எல்லாக் கேள்வியும் தெரியும். முடிச்சுடறேன்."

"பாஸானவங்க ஏம்மா பரீட்சை எழுதணும்?" என்று சிரித்தார் கண்ட்ரோலர். "உனக்கு அதிர்ச்சியில ஒண்ணும் புரியல." எழுத்தரைப் பார்த்துச் சாடை காட்டினார். எழுத்தர் குனிந்து பிளக்கைப் பிடுங்கினார். ஒரு சொல்லின் பாதியில் கம்ப்யூட்டர் நின்றுபோயிற்று.

கதவருகே யாரோ கைதட்டினார்கள். முதலில் தட்டியது லிஃப்ட்காரர்தான். அவருக்குக் கண்ணீர் கொட்டியது. மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவே, கண்ணு செத்துப்போன விசைகளை இன்னும் தட்டிக்கொண்டிருந்தாள். சந்தோஷத்தில் குழந்தைக்கு ஒன்றும் ஓடவில்லை என்று அவர் நினைத்தார். போட்டோ எடுத்தார்கள்.

வீட்டுக்குப் போகிற வழியில் பஸ்ஸில்தான் அவருக்கு விஷயம் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது. கண்ணு ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள்.

"பாஸ்தானே கண்ணு? பாஸ்னா வேலை கிடைச்சுருமே?"

"சர்டிபிகேட்ல போடுவாங்கப்பா. புள்ளியியல் தாள் எழுதல, விலக்குன்னு. கணக்குப் போடற வேலைக்குக் கணக்குல விலக்கு வாங்கினவளை யாருப்பா எடுப்பாங்க?"

இரண்டு நிறுத்தம் தாண்டிய பிறகு கண்ணுவே கேட்டாள்.

"திடீர்னு அவருக்கு ஏன்பா இது தோணுச்சு?"

பொய் சொல்லியிருக்கலாம். அவருக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"நான்தான் கேட்டேன். உன்னைப் பார்க்க முடியலம்மா. ஏதாவது கருணை பண்ணுங்கன்னு கேட்டுட்டேன்."

அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்கு அந்த இரவு தூக்கம் வந்திருக்கும். கொஞ்ச நேரம் கழித்து அவர் கையைத் தேடிப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். அவ்வளவுதான்.

டாக்டரம்மா நல்லவர். ஆஸ்பத்திரி மேலிடத்தோடு சண்டையே போட்டுப் பார்த்தாராம். "நீ என் எதிர்ல எல்லாக் கணக்கும் போட்டுக் காட்டினேன்னு சொன்னேன்மா. காகிதத்துல விலக்குன்னு இருக்கே, குழந்தைங்க உயிர் சம்பந்தப்பட்டதாச்சேன்னு கேட்கறாங்க. எனக்குப் பதில் சொல்லத் தெரியல" என்று போனில் அழாக்குறையாகச் சொன்னார். அந்த இடத்துக்கு வேறு ஒருவர் வந்துவிட்டார்.

லிஃப்ட்காரர் ஒரு திங்கட்கிழமை துணிந்து கண்ட்ரோலரிடம் வாயைத் திறந்தார். லிஃப்டில் மற்றவர்கள் இறங்கும் வரை காத்திருந்தார்.

"ஐயா, அந்த விலக்கை எடுத்துடணும். பாப்பா பரீட்சையை எழுதணும்னு ஆசைப்படறா. தோத்துப்போனாலும் பரவாயில்லங்கறா."

கண்ட்ரோலருக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. "குடுத்த விலக்கை எடுக்கறதுக்கு விதி இல்லப்பா. பாஸானவங்களை மறுபடி எழுத விடறதுக்கும் விதி இல்ல. ஃபெயிலாயிருந்தா விட்டிருக்கலாம்." பிறகு குரலைத் தாழ்த்தி, ஒரு நல்ல சேதியைச் சொல்லுகிற மாதிரிச் சொன்னார். "நீ அதையே நினைச்சுக்கிட்டிருக்காதே. உன்னால எவ்வளவு பெரிய காரியம் நடந்திருக்கு தெரியுமா? நீ அன்னிக்குக் கேட்டது என் நெஞ்சைத் தொட்டுருச்சு. நேத்து நிரந்தர உத்தரவே போட்டாச்சு. அடுத்த வருஷத்துலருந்து பார்வையில்லாத ஒரு பிள்ளைகூடக் கணக்கோ புள்ளியியலோ எழுத வேண்டாம். எல்லாருக்கும் விலக்கு. அந்தக் கம்ப்யூட்டர், மென்பொருள், எந்தத் தொல்லையும் இல்ல."

"அந்த ரெண்டு அலுவலருங்க..." என்றார் லிஃப்ட்காரர். ஏன் அதைக் கேட்டார் என்று அவருக்கே தெரியவில்லை.

"அவங்க பதவி நிரந்தரமாயிருச்சு" என்றார் கண்ட்ரோலர். "கேட்கறதுக்கு ஒண்ணும் இல்லாம ஒருத்தர், படிக்கறதுக்கு ஒண்ணும் இல்லாம ஒருத்தர். நிம்மதியா இருக்காங்க." ஐந்தாம் மாடி வந்தது. இறங்கும்போது திரும்பிப் பார்த்தார். "ஒரு நன்றி சொல்லமாட்டியாப்பா?"

"நன்றிங்க ஐயா" என்றார் லிஃப்ட்காரர். அத்தனை வருஷப் பழக்கம். வாய் தானாகச் சொல்லிவிட்டது. கதவு மூடிய பிறகு கீழே போகிற பொத்தானை அமுக்க மறந்து அப்படியே நின்றார். நாலு மாடியிலும் ஆட்கள் மணியடித்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று வீட்டுக்குப் போனபோது கண்ணு போனில் பேசிக்கொண்டிருந்தாள். கல்லூரியில் அவளுக்கு ஒரு வருஷம் கீழே படிக்கிற ஒரு பெண். அவளுக்கும் பார்வை கிடையாது. அந்த மூன்று மென்பொருளையும் எப்படிப் போடுவது என்று கண்ணு சொல்லச் சொல்ல, அந்தப் பக்கத்தில் அவள் போட்டுக்கொண்டிருந்தாள். போன் ஒலிபெருக்கியில் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு சுருதி தடுமாறி ஏறி வந்தது.

"கேட்டுச்சா?" என்றாள் கண்ணு.

"கேட்டுச்சு. ஐயோ, அக்கா, கோடு ஏறுது. எனக்கே தெரியுது." அந்தப் பெண் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுகிற மாதிரியும் இருந்தது. "அக்கா, இதுல பரீட்சை எழுத விடுவாங்களா?"

லிஃப்ட்காரர் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"விடுவாங்க. ஏன் விடாம?" என்றாள் கண்ணு. "நான் ரெண்டு கேள்வி எழுதியிருக்கேனே. மூணாவதுலருந்து நீ எழுது."

அப்பா வந்த சத்தம் அவளுக்குக் கேட்டிருந்தது. போனைக் கையால் மூடிக்கொண்டு, வாசல் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"அப்பா, நீ கொஞ்சம் கண்ட்ரோலர்கிட்ட சொல்லி வெக்கறியா? இந்தப் பொண்ணுக்குக் கருணையெல்லாம் வேண்டாம், எழுத விட்டாப் போதும்னு."

"சொல்றேன் கண்ணு" என்றார் அவர்.